திருகும் முன் அளந்தீர்களா?

ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அலைன்மென்ட். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். புது டயர் மாட்டினால் அலைன்மென்ட். கார் வைத்திருப்பவர், டயர் விற்பவர், சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதுபவர் என எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்ட கருத்து இது. மறுக்கும் முன் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் சாலைகள் மோசம். பள்ளமும் வேகத்தடையும் சக்கரங்களின் கோணத்தைக் கலைக்கும். கோணம் கலைந்தால் டயர் தேயும். நான்கு டயர்களின் விலைக்கு முன்னால் அலைன்மென்டுக்கு ஆகும் சில நூறு ரூபாய் பெரிதே இல்லை. வேலையைச் செய்வதும் கம்ப்யூட்டர்தான். திரையில் சிவப்பு பச்சையாகும் வரை திருகுகிறார்கள், பிரிண்ட் அவுட்டும் தருகிறார்கள். தேவையில்லாமல் செய்தாலும் கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது? வாதம் இப்படிப் போகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்தால் ஏறக்குறைய சரி. சேர்த்து எட்டுகிற முடிவுதான் தவறு. ஆயில் மாற்றுவதைப் போல, தவணை வந்ததும் செய்து முடிக்கும் வேலையாக அலைன்மென்டை அது எண்ணுகிறது. அலைன்மென்ட் முதலில் ஓர் அளவீடு. அளக்க வேண்டும், மாறியிருந்தால் ஏன் மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும், அந்தக் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும், அதற்கும் பிறகு தேவைப்பட்டால் திருக வேண்டும். முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதற்கு மட்டும்தான் இன்று காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு இருந்தால்தான் மேலே பேச முடியும். மேலிருந்து பார்க்கும்போது ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் நெருங்கியோ விலகியோ நிற்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்க்கும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு பின்னால் சாய்ந்திருப்பது காஸ்டர். திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர உதவுவது இதுதான். நான்காவது ஒன்று இருக்கிறது, அதைக் கடைகளில் அதிகம் பேசுவதில்லை: பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து வண்டியை எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பது. அதற்குத் த்ரஸ்ட் ஆங்கிள் என்று பெயர். நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ20 போன்ற கார்களில் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். இத்தகைய அமைப்பில் கடைக்காரர் சாதாரணமாகத் திருகி மாற்றக்கூடியது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, முன் டோ. அலைன்மென்ட் செய்தாயிற்று என்று நாம் சொல்லும்போது, அளக்கக்கூடிய பல கோணங்களில் ஒன்றை மட்டும் தொட்டிருக்கிறோம்.

1. கோணம் தானாக மாறுவதில்லை. தவணைக் கொள்கையின் அடித்தளமே இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. ஆயில் ஓட ஓடக் கெடும், பிரேக் பேட் ஓட ஓடத் தேயும். ஆகவே அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தும். டோ அப்படிப்பட்டதல்ல. டை ராட்டின் மரை எத்தனை சுற்று உள்ளே போயிருக்கிறது என்பதுதான் டோ. அதை லாக் நட் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஒழுங்காக இறுக்கிய லாக் நட், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதற்காகக் கழன்று சுற்றிவிடாது. அப்படியும் எண் மாறியிருக்கிறது என்றால், டை ராட் எண்டிலோ பால் ஜாயின்டிலோ ஆட்டம் விழுந்திருக்கலாம். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருக்கலாம். ஓர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம், சப்ஃப்ரேம் அதன் போல்ட்டுகளில் நகர்ந்திருக்கலாம். மாறிய எண் ஓர் அறிகுறி. காரணத்தைத் தேடாமல் டை ராட்டைத் திருகி எண்ணை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது, விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. ஆடுகிற பால் ஜாயின்ட் அப்படியே இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியில் பச்சை காட்டிய கோணம், பிரேக் அடிக்கும்போதும் திருப்பத்தில் சாயும்போதும் வேறொரு கோணமாகிவிடும். அடுத்த ஐயாயிரத்தில் எண் மறுபடியும் மாறியிருக்கும். பார்த்தீர்களா, நம் ரோட்டுக்கு அடிக்கடி பண்ணத்தான் வேண்டும் என்று அதையே சான்றாகக் காட்டுவார்கள். ஒருபோதும் திருத்தப்படாத பழுது, தவணைக் கொள்கைக்குச் சாட்சியாகிவிடுகிறது. பால் ஜாயின்ட் முழுதாகக் கழன்றால் அந்தச் சக்கரம் வண்டியின் கட்டுப்பாட்டிலேயே இருக்காது என்பதால், இது டயர்ச் செலவோடு முடிகிற விஷயமும் அல்ல.

சாலைகளைக் காட்டி எழும் மறுப்புக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். தெருக்களில் நாம் காண்பது இதே உயரத்தை ஒரு முழத்தில் எட்டும் மேடுகள். மழைக்குப் பின் வரும் பள்ளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாலை மோசம்தான், சந்தேகமில்லை. ஆனால் மோசமான சாலை லாக் நட்டைச் சுற்றுவதில்லை; புஷ்ஷைக் கிழிக்கிறது, பால் ஜாயின்டைத் தளர்த்துகிறது, ரிம்மை நெளிக்கிறது. சாலை எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு உறுப்புகளைச் சோதிப்பதுதான் அவசியமாகிறது. அடிக்கடி அளந்து பாருங்கள் என்று யாராவது சொன்னால் முழு மனதோடு ஏற்கலாம். அடிக்கடி திருகுங்கள் என்பது வேறு ஆலோசனை.

2. திரையில் தெரியும் பச்சை எதற்குச் சாட்சி? கேமராவும் கணினியும் கொண்ட இயந்திரங்கள் அருமையானவை; புதுச்சேரியிலேயே மனாடெக் நிறுவனம் இவற்றைத் தயாரிக்கிறது. குறை இயந்திரத்தில் இல்லை. வண்டியை ஏற்றுவதற்கும் முதல் எண் திரையில் வருவதற்கும் இடையே சில வேலைகள் இருக்கின்றன. நான்கு டயரிலும் கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றழுத்தம் இருக்க வேண்டும். டிக்கியில் சிமென்ட் மூட்டை இருக்கக் கூடாது. முன் சக்கரங்கள் டர்ன்டேபிளின் நடுவில் நின்று, அதன் பூட்டு ஊசிகள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் தரையில் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷனை இறுக்கி வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரிம்மின் கோணலைக் கழிக்க வேண்டும். நம் சாலைகளில் ஓடிய ரிம் முற்றிலும் நேராக இருப்பது அரிது. கோணலான ரிம்மில் கவ்வியை மாட்டினால் அந்தக் கோணலும் சேர்ந்தே அளக்கப்படும். அதற்காகத்தான் வண்டியை முன்னும் பின்னும் உருட்டச் சொல்கிறது இயந்திரம், அல்லது சக்கரத்தைத் தூக்கிச் சுற்றச் சொல்கிறது. அவசரத்தில் இதைத் தவிர்த்துவிட்டால், பிறகு வரும் எண்கள் இரண்டு தசமம் வரை துல்லியமாகத் தெரியும், ஆனால் தவறாக இருக்கும். மாடல் தேர்வில் வேறு காரைத் தட்டிவிட்டால் எந்த வரம்புக்கு உள்ளே பச்சை என்பதே மாறிப்போகும்.

இன்னும் ஒன்று. பச்சை என்பது வரம்புக்கு உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இடது கேம்பர் வரம்பின் ஒரு கோடியிலும் வலது கேம்பர் மறு கோடியிலும் இருந்தால், இரண்டு கட்டங்களும் பச்சையாகவே தெரியும். வண்டி ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டே இருக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு அரை டிகிரியைத் தாண்டினால் கேம்பரானாலும் காஸ்டரானாலும் கேள்வி கேட்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான நடைமுறை. அந்த வேறுபாட்டைப் பார்க்கக் கண் வேண்டும், நிறம் போதாது. காஸ்டரை அளக்கச் சக்கரத்தை இரு பக்கமும் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்ப வேண்டும். நேரம் பிடிக்கும் என்பதால் பல இடங்களில் அந்தப் படியே நடப்பதில்லை, பிரிண்ட் அவுட்டில் காஸ்டர் கட்டம் காலியாகக் கிடக்கும். பள்ளத்தில் விழுந்த சக்கரம் பின்னோக்கி அறையப்படும். லோயர் ஆர்மின் பின் புஷ் கிழிவது அப்போதுதான். அதைக் காட்டிக்கொடுக்கும் எண் காஸ்டர். நம் சாலைகளுக்கு மிகவும் தேவைப்படும் அளவையே நாம் விட்டுவிடுகிறோம்.

3. இழுப்பு எல்லாம் அலைன்மென்டா? வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று வருகிறவருக்கு டோவைத் திருகி அனுப்புவது அன்றாடம் நடக்கிறது. முன் டோ வண்டியை ஒரு பக்கமாக இழுப்பதில்லை. இரண்டு முன் சக்கரங்களும் ஸ்டீயரிங் ராக்கால் இணைக்கப்பட்டவை. ஓடும்போது டோவின் பிழையை இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும். வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணலாக இருக்கும், டயர் தேயும். உண்மையான இழுப்புக்குக் காரணங்கள் வேறு. இரு பக்கக் கேம்பர் வேறுபட்டால், சக்கரத்தின் மேல்முனை அதிகமாக வெளியே சாய்ந்திருக்கும் பக்கம் இழுக்கும். காஸ்டர் வேறுபட்டால், குறைவாக இருக்கும் பக்கம் இழுக்கும். ஒரு டயரில் காற்று குறைந்தால் அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு பிரேக் காலிபர் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஒரு பக்க ரிம் மட்டும் கொதிப்பதில் அது தெரியும். டயருக்குள் இருக்கும் பெல்ட் சற்றே விலகிப் பதிந்திருந்தால் டயர் கூம்பைப் போல ஒரு பக்கம் உருளப் பார்க்கும். எந்த அலைன்மென்டும் அதைத் தீர்க்காது. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள், சுழலும் திசை குறிக்கப்பட்ட டயராக இல்லாவிட்டால். இழுப்பு பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. பத்து நிமிட வேலை, அதைச் செய்யாமல் மூன்று முறை அலைன்மென்ட் செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர்.

எந்தப் பழுதும் இல்லாமலும் வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கிறது; நாம் இடதுபுறம் ஓட்டுகிறோம்; ஆகவே சரிவு எப்போதும் இடப்பக்கமே. அதே சாலையில் திரும்பி வந்து பார்த்தாலும் அப்போதும் நாம் இடதுபுறம்தான் இருப்போம், சரிவும் இடப்பக்கம்தான் இருக்கும். சமதளமான பரந்த இடம் ஒன்றில் சோதிக்காமல் இழுப்பு என்ற முடிவுக்கு வரவே கூடாது. நெடுஞ்சாலையில் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்ற புகாருக்கும் அலைன்மென்டையே மருந்தாக எழுதுகிறார்கள். சக்கரத்தின் எடை சமமில்லாததும், ரிம்மோ டயரோ நெளிந்ததும்தான் அதன் வழக்கமான காரணங்கள். அங்கே வேண்டியது பேலன்சிங். இரண்டையும் ஒரே பில்லில் ஒரே மூச்சில் விற்று விற்று, இரண்டும் ஒன்று என்றே நம்மை நினைக்க வைத்துவிட்டார்கள்.

4. நேராக ஓடுகிற வண்டி நல்ல வண்டியா? இழுத்தால் கெட்டது என்று நம்புகிறவர்கள் இழுக்காவிட்டால் நல்லது என்றும் நம்புகிறார்கள். இரண்டாவது நம்பிக்கை முதலாவதைவிட அதிகச் செலவு வைப்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14, 15 அங்குல ரிம்மின் வெளிவிளிம்பின் விட்டம் ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்து டோ 3 மில்லிமீட்டர் பிழையாக இருக்கிறது என்று கொள்வோம், ஒவ்வொன்றுக்கும் 1.5 மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டருக்கு 1.5 என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 3.75 மீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒவ்வொரு முன் டயரும் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு முப்பத்தேழு கிலோமீட்டருக்கும் மேல். ரப்பர் வளைந்துகொடுப்பதால் இது முழுவதும் உரசலாகிவிடாது என்பது உண்மை. ஆனாலும் மீதி உரசல் போதும். புது டயரின் ட்ரெட் சுமார் 8 மில்லிமீட்டர், தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டரில் வந்துவிடும், செலவழிக்க இருப்பதே ஆறு மில்லிமீட்டர் சொச்சம். பிழை இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்து ஸ்டீயரிங் வீலும் நேராக நின்றால் ஓட்டுகிறவருக்கு எதுவுமே தெரியாது. டயரின் மேல் குறுக்கே உள்ளங்கையைத் தடவிப் பார்த்தால் தெரியும்: ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் அரம் போன்ற கூர்மை. டயரின் உள்விளிம்பு நம் கண்ணுக்குப் படுவதேயில்லை, வெளியே நல்ல ட்ரெட் தெரியும்போதே உள்ளே கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு உள்விளிம்பைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம், மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் போதும்.

டயர் பேசுவதைக் கேட்க மறுப்பது இந்தப் பழக்கத்தின் இன்னொரு கேடு. ஒரு விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்தால் கேம்பர். இரு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரோ பேலன்சோ. பழைய டயரைக் கழற்றி ஓரமாக எறிந்துவிட்டுப் புது டயர் மாட்டி அலைன்மென்ட் செய்யும்போது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஆதாரத்தை யாரும் படிக்காமலே தூக்கியெறிகிறோம்.

5. வளைப்பது சரிசெய்வதாகாது. கேம்பர் வரம்பைத் தாண்டியிருக்கிறது, அதைத் திருக வழியில்லாத காராகவும் இருக்கிறது என்றால், சில கடைகளில் ஹைட்ராலிக் கருவியை மாட்டி ஸ்ட்ரட்டையோ நக்கிளையோ வளைத்துவிடுகிறார்கள். கேம்பர் கரெக்ஷன் என்று பில்லிலும் எழுதுகிறார்கள். எண் பச்சையாகும். ஆனால் எந்த உறுப்பு வளைந்ததால் எண் மாறியது என்று பார்க்காமல், வளையாத வேறோர் உறுப்பை எதிர்த்திசையில் வளைத்திருக்கிறார்கள். இப்போது பழுதான உறுப்புகள் இரண்டு. எது வளைந்தது என்று சொல்லும் வசதி அதே இயந்திரத்தில் இருக்கிறது என்பதுதான் கொடுமை. முன்னாலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு உள்ளே சாய்ந்திருக்கும் கோணத்தை அது அளக்கும். அதைக் கேம்பரோடு கூட்டினால் வருவது அந்தச் சக்கரத்தின் கூட்டுக்கோணம். இடது கேம்பர் மைனஸ் அரை டிகிரி, அச்சின் சாய்வு பன்னிரண்டரை. வலது கேம்பர் மைனஸ் ஒன்றரை, சாய்வு பதின்மூன்றரை என்று வையுங்கள். இரு பக்கமும் கூட்டுக்கோணம் பன்னிரண்டு. உறுப்புகளை விட்டுவிட்டு, சப்ஃப்ரேம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறதா என்றுதான் அங்கே முதலில் பார்க்க வேண்டும். போல்ட்டைத் தளர்த்தி அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் இரண்டு கேம்பரும் சரியாகிவிடும். வலப்பக்கச் சாய்வு பன்னிரண்டரையாகவே இருந்து கூட்டுக்கோணம் பதினொன்றாகக் குறைந்திருந்தால், அந்தப் பக்க ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறது; மாற்றியே தீர வேண்டும். ஒரு கூட்டல் கணக்கு. அதைப் போடாமல் ஜாக்கியை எடுப்பதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. வளைந்து நிமிர்த்தப்பட்ட உலோகம் அடுத்த பள்ளத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று அந்தக் கடையில் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வளைந்த உறுப்பைக் காட்டிக்கொடுக்கும் இன்னோர் அளவும் உண்டு. திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். ம்யூனிக்கின் லான்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிகளுக்காக வகுக்க, 1818இல் ருடால்ஃப் ஆக்கர்மன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இடது திருப்பத்துக்கும் வலது திருப்பத்துக்கும் இந்த வித்தியாசம் மாறுபட்டால் ஸ்டீயரிங் ஆர்ம் வளைந்திருக்கிறது என்று பொருள். அதையும் இயந்திரம் அளந்து தரும். கேட்பார் இல்லை.

பின் சக்கரங்களின் கதை இதைவிட மோசம். டார்ஷன் பீமில் பின் டோவைத் திருக வசதியில்லை. ஆகவே திரையில் பின் எண்கள் சிவப்பாக இருந்தாலும், அதை ஒன்றும் பண்ண முடியாது சார் என்று சொல்லி முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறார்கள். திருக வசதியில்லாத எண் மாறியிருக்கிறது என்றால் அது திருகக்கூடிய எண் மாறியதைவிடப் பெரிய செய்தி. பீம் வளைந்திருக்கலாம், அதன் புஷ் போயிருக்கலாம், சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் வளைந்திருக்கலாம். பின் சக்கரங்கள் தள்ளும் திசை கோணலாக இருக்கும்போது முன் சக்கரங்களை வண்டியின் நடுக்கோட்டுக்கு நேராக வைத்தால், வண்டி நண்டுபோல் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும், ஸ்டீயரிங்கும் நேராக நிற்காது. குறைந்தபட்சம் முன் சக்கரங்களைப் பின் சக்கரங்கள் தள்ளும் கோட்டுக்கு ஒப்ப வைக்க வேண்டும். அதற்கு முதலில் நான்கையும் அளந்தாக வேண்டும்.

6. தேவையில்லாமல் செய்தால் கெடுதல் இல்லையா? உண்டு. டை ராட்டைத் திருகும்போது அதன் ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் உறையும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, நாளடைவில் கிழியும். தண்ணீரும் மண்ணும் ஸ்டீயரிங் ராக்குக்குள் போகும். லாக் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால், மாறக் கூடாத எண் அன்றிலிருந்து உண்மையிலேயே மாறத் தொடங்கும். ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டாமல் திருகினால் வீல் கோணலாகிவிடும். நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள கார்களில் ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கிறது; பல மாடல்களில் அலைன்மென்டுக்குப் பிறகு அதன் பூஜ்ஜியத்தை மறுபடி நிறுவ வேண்டும். கேமரா கொண்டு பாதையைக் கண்காணிக்கும் புதிய கார்களில், அலைன்மென்டைத் தொட்டால் கேமராவையும் அளவுதிருத்தம் செய்யுமாறு சில தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். சரியாக இருந்ததைத் தொட்டதற்கு இவ்வளவு வேலை. அளந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது, எதையும் தொடவில்லை என்று சொல்லும் கடைக்காரருக்கு முழுத் தொகையையும் கொடுக்க நாம் பழக வேண்டும். திருகினால்தான் காசு என்று நாம் நினைக்கும்வரை அவர் திருகிக்கொண்டுதான் இருப்பார். இதில் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வாசலில் ஐந்து வண்டிகளை நிறுத்திவிட்டு அரை மணியில் முடியுமா என்று கேட்பவர்கள் நாம்தான்.

கடைசி மறுப்பு: இதெல்லாம் சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும், கடைக்காரரை நம்புவதைத் தவிர வழியில்லையே என்பது. வழி இருக்கிறது, அதற்குக் கொத்தனாரின் கருவிகள் போதும். நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம், ஓர் எஃகு அளவுகோல். முதலில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைப் பக்கவாட்டில் இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டைச் சந்தேகியுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்; ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டு அல்லது பேரிங். ஆட்டம் இருக்கும்வரை எந்த அளவுக்கும் அர்த்தமில்லை, அங்கேயே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போகலாம். இல்லையென்றால் வண்டியை இறக்கி, காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சில மீட்டர் முன்னோக்கி மட்டும் தள்ளி, ஸ்டீயரிங் நேராக இருக்க நிறுத்துங்கள். இரு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில், வண்டியின் முழு நீளத்துக்கும் நூல் கட்டுங்கள். முன் சக்கர மையத்திலிருந்து நூல் இரு பக்கமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், பின்னாலும் அப்படியே. முன் தூரமும் பின் தூரமும் சமமாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் முன் பின் சக்கரங்களின் இடைவெளி பல கார்களில் வேறுபடும். இரண்டு நூல்களுக்கும் இடையேயான அகலம் மட்டும் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இனி ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தையும் பின்விளிம்பிலிருந்து உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். முன்விளிம்பு நூலிலிருந்து அதிகம் விலகியிருந்தால் டோ உள்நோக்கி இருக்கிறது. சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியை உருட்டி, நூலை மீண்டும் ஒழுங்குபடுத்தி இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால் ரிம்மின் கோணல் கழிந்துவிடும். பின் சக்கரங்களையும் இப்படியே. கேம்பருக்குத் தூக்குக்குண்டைச் சக்கரத்தின் முன் தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூர வேறுபாட்டைப் பாருங்கள்; 400 மில்லிமீட்டர் ரிம்மில் 7 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரி. தரை சமமா என்று ரசமட்டம் சொல்லும். சந்தேகம் இருந்தால் வண்டியை எதிர்த்திசையில் நிறுத்தி மறுபடி அளக்கலாம்.

இந்த முறையில் அரை மில்லிமீட்டர் வரை அளக்கலாம், அதாவது டிகிரியில் பதினாலில் ஒரு பங்கு. சிறிய கார்களின் டோ வரம்பைச் சோதிக்க இது தாராளம். காஸ்டரையும் கூட்டுக்கோணத்தையும் இது சொல்லாது. அதற்கு இயந்திரம் வேண்டும், அதற்காகக் கடைக்குப் போக வேண்டும். போகும்போது வீட்டில் எடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். லாக் நட்டில் ஸ்பேனர் படும் முன், வண்டி வந்த நிலையில் இயந்திரம் காட்டிய எண்களின் பிரிண்ட் அவுட்டைக் கேளுங்கள், காஸ்டர் கட்டமும் நிரம்பியதாக. அதில் உள்ள டோவுக்கும் உங்கள் தாளில் உள்ள டோவுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரிம் கோணலைக் கழிக்கும் படியை மறுபடி செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போய், எண் வரம்புக்கு வெளியே இருந்தால், எந்த உறுப்பு என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு திருகட்டும்.